மரம் புதைந்த மேடு

நுழையும்முன்

மழைநீரைத் தேக்க ஏரி வெட்டியவர்கள் தமிழர்கள். ஏரிநீர் எட்டாத வீட்டுக் கொல்லையிலும் மழையைச் சிறிதளவு தேக்கி வைக்க ஒரு வழி உண்டு. பட்டுப்போன மரக்கட்டைகளை மண்ணுக்குள் இட்டு, அவற்றின்மேல் மேடு எழுப்பி, அம்மேட்டில் காய்கறி வளர்ப்பதே அவ்வழி. குளிர்நாட்டில் பெயர்பெற்ற இம்முறை, காஞ்சிபுரம் போன்ற வெப்பம் மிகுந்த ஊருக்கு எந்த அளவில் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மழையும் தறியும்

காஞ்சிபுரத்து மழைக்காலம் இருமுகம் கொண்டது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்புகிறது. உழவர் உள்ளம் குளிர்கிறது. அதே மழை நெசவாளர் தெருக்களில் வேலையை முடக்கிவிடுகிறது. பட்டுப்பாவைத் தெருவின் நீளத்திற்கு விரித்துச் சீர்செய்யும் பணி ஈரத்தில் நடைபெறாது. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் கீழே உள்ள குழிக்குள் இறக்கி மிதிகட்டைகளை இயக்குவார். அடைமழையில் நீர் ஊறத் தொடங்கினால் அந்தக் குழியில் கால் வைக்க முடியாது. தறி ஓடாத நாளுக்கு வருவாய் இல்லை. காய்கறி விலையோ மழைநாளில்தான் ஏறும்.

பங்குனியும் சித்திரையும் வேறு காட்சியைத் தருகின்றன. பாலாறு வெண்மணலாய்க் கிடக்கிறது. வேகவதியில் ஓட்டம் இல்லை. வீட்டுக் கிணறுகளில் நீர்மட்டம் கீழிறங்குகிறது. குடிக்கவும் குளிக்கவும் நீரை அளந்து செலவிடும் வீட்டில் கத்தரிச் செடிக்கு எவர் நீர் வார்ப்பார்? தையில் காய்த்துக் குலுங்கிய கொல்லை, சித்திரையில் வெறுந்தரையாகிறது.

ஆகவே இவ்வூரின் வீட்டுத்தோட்டத்திற்குரிய சிக்கல், மழை போதாமை அன்று. மழை ஒரே காலத்தில் மிகுந்து பெய்து, மற்றொரு காலத்தில் முற்றிலும் மறைந்துவிடுவதே சிக்கல். கார்த்திகையில் செடியின் வேர் அழுகாமல் நீர் வடிய வேண்டும். சித்திரையில் அதே வேருக்கு ஈரம் கிடைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் ஒரே பாத்தி நிறைவு செய்ய இயலுமா என்ற வினாவிற்குத்தான் மரம் புதைந்த மேடு விடை தேடுகிறது.

குப்பைமேட்டில் படர்ந்த பாடம்

எவரும் விதைக்காமல், எவரும் நீர் வார்க்காமல், ஊர்ப்புறக் குப்பைமேட்டில் சுரையும் பூசணியும் செழித்துப் படர்வதைத் தமிழ்நாட்டில் காணாதவர் இலர். அருகிலேயே உரமிட்டு வளர்த்த கொடி வாடி நிற்கையில் குப்பைமேட்டுக் கொடி தளதளவென இருக்கும். உதிர்ந்த சருகும், முறிந்த கிளையும், சாணமும், சாம்பலும் அடுக்கடுக்காகச் சேர்ந்து மட்கியதன் விளைவு அது. இயற்கை தானே நடத்திக் காட்டும் இச்செயலை மனிதர் திட்டமிட்டுச் செய்தால் அது ஒரு வேளாண்முறையாகிறது.

செருமானிய மொழியில் இம்முறைக்கு ‘ஹூகல்கல்டூர்’ என்று பெயர். ‘ஹூகல்’ என்பது மேட்டையும், ‘கல்டூர்’ என்பது பயிர் வளர்ப்பையும் குறிக்கும். 1962ஆம் ஆண்டில் ஹெர்மன் ஆண்ட்ரே என்பவர் வெளியிட்ட தோட்டக்கலைச் சிறுநூலில் இப்பெயர் இடம்பெற்றது. பின்னர் ஆஸ்திரிய நாட்டு உழவர் செப் ஹோல்சர் இதனை உலகறியச் செய்தார். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1100 முதல் 1500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது அவருடைய பண்ணை. அந்தக் கடுங்குளிரில் அவர் செங்குத்தான, உயர்ந்த மேடுகளை எழுப்பினார். உயர்ந்த மேடு வெயிலை விரைந்து ஏற்றுக் கொள்ளும். உள்ளே மட்கும் பொருள்கள் வெளியிடும் வெப்பமும் வேருக்குக் கதகதப்பைத் தரும். பனி விலகியவுடன் விதைக்க அது துணையாயிற்று.

இங்குதான் தமிழ்நாட்டு வாசகர் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஆல்ப்ஸ் மலை உழவர் தேடியது வெப்பம். காஞ்சிபுரத்தில் வெப்பத்திற்குப் பஞ்சமில்லை. அவருடைய மேட்டை அப்படியே இங்கு எழுப்பினால், நாற்புறமும் காற்றும் வெயிலும் பட்டு, சித்திரைக்கு முன்பே அது சுட்ட செங்கல்போல் உலர்ந்து நிற்கும். முறையின் உட்பொருளைக் கொண்டு, அதன் உருவத்தை மாற்றிக் கொள்வதே அறிவுடைமை.

நீருள் மரமும் மண்ணுள் மரமும்

மரம் மண்ணுக்குள் என்னவாகிறது என்பதை விளங்கிக் கொள்ளக் காஞ்சிபுரத்திலேயே ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுத் திருக்குளத்தில் அத்திமரத்தால் ஆகிய அத்திவரதர் திருமேனி நீருக்கடியில் வைக்கப்பட்டுள்ளது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது வெளியே எடுக்கப்பெறுகிறது. 1979ஆம் ஆண்டிற்குப் பின், 2019ஆம் ஆண்டு சூலை 1 முதல் ஆகத்து 17 வரை 48 நாள்கள் மக்கள் அதனை வழிபட்டனர். அடியார்க்கு அது அருளின் அடையாளம். மரவியல் நோக்கில் பார்ப்பவருக்கும் அதில் ஒரு செய்தி உண்டு. முழுவதும் நீருள் மூழ்கிய மரத்தை அழிக்கும் பூஞ்சைகளுக்கு உயிர்வளி போதிய அளவு கிடைப்பதில்லை. ஆதலால் நீருள் அமிழ்ந்த மரம் நெடுங்காலம் நிலைக்கும்.

அதே அத்திக்கட்டையை ஈர மண்ணில் ஓரடி ஆழத்தில் புதைத்தால் சில ஆண்டுகளில் அது பொடிந்துவிடும். மண்ணில் ஈரமும் உண்டு, காற்றும் உண்டு, வெதுவெதுப்பும் உண்டு. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் பூஞ்சைகள் மரத்தின் உறுதிக்குக் காரணமான லிக்னினையும் செல்லுலோசையும் சிதைக்கின்றன. கட்டை மெல்ல மெல்ல நுண்துளை மிக்க பஞ்சாகிறது. நன்கு இற்றுப்போன கட்டை தன் உலர் எடைக்கு நிகராகவோ, அதற்கு மேலாகவோ நீரை ஏந்தி நிற்கும். மழைநாளில் உறிஞ்சிய நீரை, மேல்மண் காயும்போது சிறிது சிறிதாக விட்டுக் கொடுக்கும். வேர்கள் அக்கட்டையைத் தேடிச் சென்று பின்னிக் கொள்கின்றன.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. மரத்தில் கரிமம் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 500 பங்கு வரை கரிமம் மரத்தில் இருக்கும். நுண்ணுயிர்கள் செம்மையாக இயங்க அவ்விகிதம் 25 அல்லது 30 என்ற அளவில் இருத்தல் வேண்டும். குறைபடும் தழைச்சத்தை அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக் கொள்கின்றன. அதனால் புதுமேட்டில் நட்ட செடிகள் முதலாண்டில் வெளிறி, வளர்ச்சி குன்றி நிற்பது உண்டு. முறையே பயனற்றது என்று பலர் கைவிடுவது இந்நிலையில்தான். பசுந்தழை, மட்கிய சாணம், காய்கறிக் கழிவு ஆகியவற்றைக் கட்டைகளின் இடுக்குகளில் நிரப்புவதும், முதற்பயிராக அவரை, காராமணி, கொத்தவரை ஆகியவற்றைத் தேர்வதும் இதற்குத் தீர்வாகும். பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிருக்கு உணவாக்கித் தருவதால் இச்செடிகள் மண்ணின் குறையைப் பொருட்படுத்துவதில்லை.

தென்னந்தோப்பில் ஓர் உறவுமுறை

மட்கும் பொருளை மண்ணுக்குள் இட்டு ஈரம் காக்கும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. தென்னந்தோப்புகளில் தேங்காய் உரிமட்டைகளைப் புதைப்பது வேளாண் துறையினர் நெடுங்காலமாகப் பரிந்துரைத்துவரும் முறை. தென்னை வரிசைகளுக்கு இடையில் நீள்பள்ளம் தோண்டி, அல்லது மரத்தைச் சுற்றி வட்டப்பள்ளம் எடுத்து, உரிமட்டைகளை அடுக்குகளாக இட்டு மண்ணால் மூடுவர். மட்டையின் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருத்தல் வேண்டும் என்பது இதில் முதன்மையான விதி. கவிழ்த்து வைத்தால் நீர் வழிந்தோடும். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணமாகும். உரிமட்டை தன் எடையைப்போல் 3 முதல் 5 மடங்கு நீரை ஏந்தும். ஒருமுறை புதைத்ததன் பயன் 5 முதல் 7 ஆண்டுகள் வரை நிற்கும்.

இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர்தோறும் வலியுறுத்திய ‘மூடாக்கு’ம் இவ்வகையைச் சார்ந்ததே. மட்கும் பொருளை எரிக்காமல் மண்ணுக்கே திருப்பித் தர வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் அவர் உருவாக்கிய ‘வானகம்’ பண்ணை, வேளாண்மை கற்க வருவோர்க்குப் பயிற்சிக்களமாக விளங்குகிறது. இன்று தமிழ்நாட்டு வீட்டுத்தோட்டங்களில் ‘மேட்டுப்பாத்தி’ என்ற சொல் பெருகி வழங்குகிறது. கட்டை புதைக்கும் மேடு அதன் ஒரு வகை.

தெரிந்து தெளிவோம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த செய்தியை அவை கூறுகின்றன. நீர்நிலையைக் கண்காணிக்க ‘ஏரி வாரியம்’ இருந்ததுபோலவே தோட்டங்களைக் கண்காணிக்கத் ‘தோட்ட வாரியம்’ என ஒரு தனி வாரியமும் இருந்தது.

எந்த மரம், எந்த இடம்

கட்டை எங்கிருந்து கிடைக்கும் என்ற ஐயம் எழலாம். 2016 திசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. வீழ்ந்த மரங்களின் தடித்த பகுதி மரக்கடைக்குச் சென்றாலும், கோணலும் பொந்துமான கிளைகள் தெருவோரம் கிடந்து வீணாயின. புயல் இல்லாத ஆண்டிலும் கழிக்கப்பட்ட மாங்கிளை, பட்டுப்போன முருங்கை, முறிந்த அகத்தி ஆகியன எவ்வூரிலும் கிடைக்கும். அடுப்புக்கும் பயன்படாத இற்ற கட்டையே இம்மேட்டுக்கு ஏற்றது.

மென்மரங்கள் விரைந்து மட்கும். தேக்கு, வேம்பு, பனையின் வைரம் ஆகியவை நெடுநாள் கிடக்கும். இரண்டையும் கலந்து இடுவது நல்லது. முருங்கை, பூவரசு, கல்யாண முருங்கை ஆகியவற்றைப் பச்சையாகப் புதைத்தால் மேட்டின் நடுவே அவை துளிர்த்துவிடும். ஆகையால் நன்கு உலர்ந்த பின்னரே இடுதல் வேண்டும். தைலமரத்தைத் தவிர்ப்பது நலம். அதன் இலையிலும் பட்டையிலும் உள்ள பொருள்கள் பிற செடிகளின் முளைப்பைத் தடுக்கக்கூடியவை. வண்ணம் பூசிய பலகையும், பசையிட்டு ஒட்டிய பலகையும் உணவு விளையும் மண்ணுக்கு ஆகா. இதே காரணத்தால் பட்டுக்குச் சாயமேற்றிய கழிவுநீரை இம்மேட்டில் ஊற்றுதலும் கூடாது. பஞ்சுபோன்ற கட்டை நல்ல நீரை மட்டும் தேர்ந்து உறிஞ்சுவதில்லை.

தென்னங்கட்டைக்குத் தனி எச்சரிக்கை தேவை. இற்றுப்போன தென்னந்தண்டிலும் எருக்குழியிலும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அவ்வண்டு தென்னங்குருத்தைத் துளைத்து உண்ணும் கொடிய பகை. கொல்லையில் தென்னை நிற்குமானால் அங்குத் தென்னந்தண்டைப் புதைப்பது, காய்கறிக்காகத் தேங்காயை இழப்பதாக முடியும்.

இவை யாவற்றினும் மேலானது கறையான் பற்றிய கவனம். புதைந்த மரத்தைக் கறையான் நாடும் என்பதில் ஐயமில்லை. தோட்டத்தைப் பொறுத்தவரை அதனால் தீங்கு மட்டுமே என்று கூற இயலாது. மரத்தைப் பொடித்து மண்ணோடு கலப்பதில் கறையானுக்கும் பங்குண்டு. ஆயினும் காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் நிற்பது மரத்தறி. தறியின் கால்களும் கட்டைகளும் மண்தரையையும் குழியையும் ஒட்டியிருப்பவை. தறியில் கறையான் ஏறினால் இழப்பது ஒரு மரச்சட்டத்தை மட்டுமன்று. அதில் பாதி நெய்த சேலையையும் அக்குடும்பத்தின் வருவாயையும் சேர்த்து இழக்க நேரும். கறையான் மண்ணுக்கடியில் நெடுந்தொலைவு வழியமைத்துச் செல்லும் உயிர் ஆதலால், சில அடி தள்ளி மேடமைத்தோம் என்று அமைதி கொள்ளவும் முடியாது. தறிக்கூடத்தின் சுவரை ஒட்டியே கொல்லை அமைந்த ஒடுங்கிய மனைகளில் கட்டை புதைத்தலைக் கைவிட்டு, வைக்கோல், சருகு, மட்கிய எரு ஆகியவற்றாலான மேட்டுப்பாத்தியோடு நிறைவு கொள்வதே தக்கது. அகன்ற மனை உடையோரும், ஊர்ப்புறத்தே நிலம் உடையோரும், பள்ளி வளாகங்களும் தாராளமாகக் கட்டை மேட்டை அமைக்கலாம். அங்கும் கட்டடத்திற்கும் மேட்டிற்கும் இடையே வெற்றிடம் விட்டு, சுவரடியில் மண்வழித்தடம் தோன்றுகிறதா என அவ்வப்போது நோக்குதல் வேண்டும்.

மேடமைக்கும் முறை

வைகாசி, ஆனித் திங்கள்கள் மேடமைக்க உரியவை. அப்போது ஏரிகள் வற்றியிருக்கும். ஏரியின் அடியில் படிந்த வண்டல் வெளிப்பட்டிருக்கும். ஏரி வண்டலை எடுத்து வயலுக்கு இடுவது இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம். அதனால் ஏரியும் ஆழப்படும், வயலும் வளப்படும். உரிய இசைவு பெற்று எடுத்த வண்டல், மேட்டின் மேற்போர்வைக்கு மிகவும் ஏற்றது. கோயில் நகரமாதலால் இங்கு மற்றொரு வளமும் கிடைக்கிறது. வைகாசிப் பெருவிழா முடிந்தபின் குவியும் மாலைகள், வாழைமரங்கள், தோரணத் தழைகள் ஆகியன பசுந்தழை அடுக்குக்குப் பயன்படும். மாலைகளிலுள்ள நெகிழி நாரையும் சரிகைத் தாளையும் பொறுமையாக நீக்கியாக வேண்டும்.

மேட்டின் அகலம் 4 அடியைத் தாண்டலாகாது. இருபுறமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். மேட்டின்மேல் ஏறி மிதித்தால் மண் இறுகிக் காற்றோட்டம் கெடும். நீளம் இடத்திற்கு ஏற்ப அமையலாம். முதலில் ஒன்றரை அடி ஆழத்திற்குப் பள்ளம் தோண்டி, மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவித்தல் வேண்டும். பள்ளத்தின் அடியில் தடித்த கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, இடுக்குகளில் சிறுகிளைகளைச் செருக வேண்டும். பெரிய வெற்றிடம் விட்டால் அங்கே எலி குடியேறும். இதன்மேல் பசுந்தழையும் மட்கிய சாணமும் இட்டு, கட்டைகள் ஊறும்வரை நீர் ஊற்றுதல் இன்றியமையாதது. உலர்ந்த கட்டையை அப்படியே மூடிவிட்டால், செடிக்கு ஈரம் தருவதற்கு மாறாக அது செடியின் ஈரத்தைக் கவரத் தொடங்கும். பின்னர் அடிமண், அதன்மேல் மேல்மண்ணும் வண்டலும் என இட்டு, தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்திற்கு மேட்டை எழுப்பி, வைக்கோலால் மூடாக்கு இட வேண்டும்.

பாதி தரைக்குள்ளும் பாதி தரைக்கு மேலும் அமையும் இவ்வடிவமே வெப்ப நாட்டிற்கேற்ற மாற்றம். கட்டைகள் தரைமட்டத்திற்குக் கீழ் இருப்பதால் கோடை வெயில் அவற்றை எளிதில் எட்டுவதில்லை. வேர்ப்பகுதி தரைக்கு மேல் இருப்பதால் கார்த்திகை மழையில் நீர் தேங்கி வேர் அழுகுவதில்லை. களிமண் நிலத்தில் பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்தல் நலம். நீர் வடியாத குழியில் கட்டை நீருள் அமிழ்ந்து, காற்றின்றிக் கெட்ட நாற்றம் வீசும்.

ஆடியில் பயறுவகைகளையும், பந்தலிட்டுப் பீர்க்கு, புடல், பாகல் ஆகிய கொடிகளையும் முதலில் விதைக்கலாம். முள்ளங்கி முதலிய கிழங்குப் பயிர்களுக்கு முதலாண்டு ஏற்றதன்று. மண் இன்னும் அமர்ந்து தணியாமல் இருக்கும். கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவை இரண்டாம் ஆண்டு முதல் நன்கு வரும். கீரைகளுக்கு ஈரம் நிறைந்த மேட்டடி ஏற்றது.

ஒருமுறை கட்டிவிட்டால் பின் நீரே ஊற்ற வேண்டாம் என்று இம்முறையைப் புகழ்வோர் சிலர் உரைப்பர். காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலைக் கண்டவர் எவரும் அதனை ஏற்கமாட்டார். மேடு நீர்த்தேவையைத் தணிக்கும், இல்லாமல் செய்யாது. நாள்தோறும் நீர் கேட்ட செடி சில நாள்களுக்கு ஒருமுறை கேட்டால் அதுவே பயன். அவ்வீட்டார் குடத்தில் சுமக்கும் நீரின் எண்ணிக்கையில் அது தெரியும்.

மேட்டின் வாழ்நாள்

முதல் மழைக்காலம் முடியும்போதே மேடு வெகுவாகத் தணிந்திருக்கும். கட்டைகளுக்கிடையே மண் இறங்குவதே அதற்குக் காரணம். குறை ஏதும் இல்லை. மேலே வண்டலும் எருவும் இட்டு உயர்த்திக் கொள்ளலாம். குளிர்நாட்டில் புதைத்த தடித்த கட்டைகள் பல்லாண்டுகள் நீடிக்கும். இங்குள்ள வெப்பத்திலும் கறையானின் உழைப்பிலும் அவை விரைவில் கரைந்துவிடும். மென்மரம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் உருத்தெரியாமல் போகும். வைரம் பாய்ந்த மரம் அதனினும் நீடிக்கும்.

அந்நிலையில் மேட்டை வெட்டிப் பார்த்தால் கட்டை இருந்த இடத்தில் கைப்பிடியில் உதிரும் கருமண் மட்டும் இருக்கும். ஆங்காங்கே மண்புழுக்களும் பூஞ்சையின் வெண்ணிழைகளும் தென்படும். அம்மண்ணை அள்ளி மற்றப் பாத்திகளுக்குப் பரப்பிவிட்டு, அடுத்த ஆனியில் அதே பள்ளத்தில் புதிய கட்டைகளை அடுக்குவர்.